விபூதிபூஷண்: எந்த நாவலில் தொடங்குவது?

'பதேர் பாஞ்சாலி' என்ற பெயரைக் கேள்விப்படாத தீவிர வாசகர் தமிழில் குறைவு. அதைக் கடைசிப் பக்கம்வரை படித்தவர் அதைவிடக் குறைவு. சத்யஜித் ராயின் படம் பார்த்த ஞாபகத்தில் புத்தகத்தை எடுப்பவர், ரயிலும் நாணல் பூவும் எப்போது வரும் என்று பக்கம் புரட்டுகிறார். புத்தகமோ வழிப்பறி செய்து பிழைத்த ஒரு மூதாதை, பழைய வங்க மன்னன் பல்லால சேனன் பெயரால் வழங்கிய குலீனப் பெருமை (உயர்குல பிராமணர் என்ற பெருமை), அந்தப் பெருமைக்கு வாழ்க்கைப்பட்டு வீணாகிப்போன இந்திர் டாக்ருண் என்ற கிழவி என்று தன் போக்கில் நடக்கிறது. நாற்பதாம் பக்கத்தில் அது அலமாரிக்குத் திரும்பிவிடுகிறது. குறை நாவலில் இல்லை. படிக்கும் வரிசையில் இருக்கிறது.

வங்க எழுத்தாளர் விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் நாவல்களில் எதை முதலில் எடுப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்பதுதான் இங்கே பேச்சு. முடிவை முன்னாலேயே சொல்லிவிடலாம். பொதுவான வாசகருக்கு 'இலட்சிய இந்து ஓட்டல்' முதலில், 'வனவாசி' இரண்டாவது, 'பதேர் பாஞ்சாலி'யும் அதன் தொடர்ச்சியான 'அபராஜிதோ'வும் மூன்றாவதாக ஒரே மூச்சில். கதை இல்லாமலும் வாசிக்கப் பழகியவர் முதல் இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வாங்குகிறீர்கள் என்றால் இந்த மூன்றுமே வேண்டாம். அதற்கு வேறு புத்தகம் இருக்கிறது.

வாங்கும் முன் ஒரு எச்சரிக்கை. இவர் பெயரைத் தமிழில் ஒரே மாதிரி யாரும் எழுதுவதில்லை. பந்தோபாத்யாய, பந்த்யோபாத்யாய, வந்த்யோபாத்யாய, பானர்ஜி எல்லாம் ஒருவரே. விபூதி என்றும் பிபூதி என்றும் அட்டையில் இருக்கும். நூலகப் பட்டியலில் 'வி', 'பி' இரண்டிலும் தேடுங்கள். இதைவிடப் பெரிய குழப்பம், அதே 1894இல் பிறந்த இன்னொரு வங்க எழுத்தாளர் விபூதிபூஷண் முகோபாத்யாய. அவர் வேறு ஆள், நகைச்சுவைக் கதைகளுக்குப் பெயர் போனவர். பந்தோபாத்யாயக்களும் மூன்று பேர்: 'ஆரோக்கிய நிகேதனம்' எழுதியவர் தாராசங்கர், பத்மா நதிப் படகோட்டியைப் பற்றி எழுதியவர் மாணிக், நம்மவர் விபூதிபூஷண். மூவருக்கும் உறவு ஏதும் இல்லை. எழுத்திலும் இல்லை.

வாழ்க்கையைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் நாவல்களைப் பிரித்தறிவது எளிது. ஏனென்றால் இவர் வாழ்ந்த இடம் மாறும்போதெல்லாம் நாவலின் குணமும் மாறியது. 1894 செப்டம்பர் 12 அன்று தாய்மாமன் ஊரான முராதிபூரில் பிறந்தார். சொந்த ஊர் இச்சாமதி ஆற்றங்கரையில், போன்காவ் பக்கம் உள்ள பாரக்பூர். கல்கத்தாவுக்கு அருகே ராணுவக் குடியிருப்பு உள்ள பாரக்பூர் அல்ல இது. பயணத் திட்டம் போடுகிறவர்கள் ஏமாறும் இடம். அப்பா மகானந்தர் சமஸ்கிருதம் படித்தவர், ஊர் ஊராகப் போய்ப் புராணக் கதை சொன்னவர். வருமானம் கதைக்குக் கதை. பதேர் பாஞ்சாலியில் சிறுவன் அபுவின் அப்பாவாக வரும் ஹரிஹர் பெரும்பாலும் இவரே. ரிப்பன் கல்லூரியில் படித்து 1918இல் பி.ஏ. முடித்தார். முதல் மனைவி கௌரி, மணமான சிறிது காலத்திலேயே இறந்துபோனார். பிறகு பள்ளி ஆசிரியர் வேலை, பசுப் பாதுகாப்புச் சங்கத்துக்காக ஊர் சுற்றிப் பிரசாரம், பணக்கார வீடொன்றில் பிள்ளைகளுக்குப் பாடம். அந்த வீட்டாரின் நிலங்களைப் பார்த்துக்கொள்ளத்தான் 1924இல் பகல்பூர் காட்டுப் பகுதிக்குப் போனார்.

அந்தக் காட்டுக் கச்சேரியில், அதாவது ஜமீன் அலுவலகத்தில், உட்கார்ந்துகொண்டுதான் 1925இல் ஊரைப் பற்றிய பதேர் பாஞ்சாலியைத் தொடங்கினார். காட்டைப் பற்றிய நாவலைக் காட்டில் இருந்தபோது எழுதவில்லை. எழுத வேண்டும் என்று 1928 பிப்ரவரியில் நாட்குறிப்பில் குறித்து வைத்தார். 'ஆரண்யக்' (தமிழில் 'வனவாசி') புத்தகமாக வந்தது 1939இல், காட்டை விட்டு வெகுதூரம் வந்த பிறகு. ஊரில் இருந்தால் காட்டை எழுதுவார், காட்டில் இருந்தால் ஊரை எழுதுவார். கையில் இருப்பதை இவர் எழுதுவதில்லை. கைவிட்டுப் போனதையே எழுதுகிறார். 1940இல் ரமாவை மணந்தார். மகன் தாராதாஸ் 1947இல் பிறந்தார். 1950 நவம்பர் 1 அன்று, 56 வயதில், காட்சிலாவில் இறந்தார். அங்கே அவர் வீட்டுக்கு வைத்த பெயர், வெகுகாலம் முன்பே இறந்த முதல் மனைவியின் பெயர்: கௌரி குஞ்சம்.

ஓட்டல் ஏன் முதலில்

1940இல் வந்த 'ஆதர்ஷ ஹிந்து ஹோட்டல்'தான் தமிழில் 'இலட்சிய இந்து ஓட்டல்'. கதை நடக்குமிடம் ராணாகாட் சந்திப்பு. கல்கத்தாவின் சியால்தாவிலிருந்து வடக்கே போகும் பாதையில் பல கிளைகள் பிரியும் நிலையம். வண்டி மாறக் காத்திருப்பவர்களை நம்பி ஓட்டல்கள் நடக்கும் ஊர். அதில் பேச்சு சக்கரவர்த்தி என்பவரின் ஓட்டலில் சமையல்காரர் ஹாஜாரி டாக்குர். மாதம் 7 ரூபாய் சம்பளம். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

'டாக்குர்' என்றதும் தாகூர் குடும்பத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். வங்காளத்தில் சமையல் செய்யும் பிராமணரை அப்படிக் கூப்பிடுவார்கள். ஹாஜாரியின் குடும்பப் பெயர் சக்கரவர்த்தி. தலைப்பில் உள்ள 'இந்து'வும் மதப் பிரசாரம் அல்ல. நம் ஊர் ஓட்டல்களில் 'பிராமணாள்' என்று பலகை தொங்கிய காலத்தை நினைத்துக்கொண்டால் போதும். யார் சமைத்தது என்று கேட்டுவிட்டுச் சாப்பிட உட்காரும் சமூகத்துக்கான அறிவிப்பு அது. இந்த ஒன்றில் தமிழ் வாசகருக்கு அடிக்குறிப்பே தேவைப்படாது.

ஹாஜாரிக்கு ஒரே ஆசை, சொந்த ஓட்டல். மதிய வேலை முடிந்ததும் சூர்ணி ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்து கணக்குப் போடுவார். தன் ஓட்டலில் சாப்பிட்டு முடித்தவரை உடனே எழுப்பி அனுப்பக் கூடாது, கொஞ்சம் சாய்ந்துகொள்ள இடம் வேண்டும், வெற்றிலையும் புகையிலையும் தர வேண்டும். பலகையில் என்ன எழுத வேண்டும் என்பது வரைக்கும் மனசில் தயார்: கௌரவமானவர்கள் மலிவாகச் சாப்பிடவும் இளைப்பாறவும் ஏற்ற இடம், வாருங்கள், பாருங்கள், சோதித்துப் பாருங்கள். ஆச்சரியக்குறி ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டே போகும். ஏழு ரூபாய்ச் சம்பளக்காரர் மனசுக்குள் பலகை எழுதிப் பார்ப்பதை இவ்வளவு மரியாதையோடு எழுதிய நாவல் வேறொன்று சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

இந்தக் கனவுக்கு நேர் எதிரே நிற்பவள் பத்மா, ஓட்டலின் வேலைக்காரி. பெயருக்குத்தான் வேலைக்காரி; முதலாளியை ஆட்டிவைப்பவள் அவளே. நல்ல பண்டம் மிஞ்சினால் அவள் வீட்டுக்குப் போகும், குறை சொன்னால் ஹாஜாரி தலையில் விடியும். பாத்திரத் திருட்டுப் பழியும் ஹாஜாரி மீதே விழுகிறது. போலீஸ், வேலை நீக்கம். பிறகு கைதூக்கி விடுகிறவர்கள் எல்லாரும் பெண்கள். ராணாகாட்டில் பால், தயிர் விற்கும் ஊர்க்காரப் பெண் குசும் தன் சேமிப்பைத் தருகிறாள். ஊர் ஜமீன்தார் மகள் அதசி பணம் தருகிறாள். ஓட்டல் எழும்புகிறது, ரயில்வே மேடையில் ஓட்டல் நடத்தும் குத்தகையும் கிடைக்கிறது. பழைய முதலாளியும் பத்மாவும் இவரிடமே வேலைக்கு வருகிறார்கள். அவர்களை ஹாஜாரி நடத்தும் விதத்தில்தான் நாவலின் உயிர் இருக்கிறது. பத்மாவைப் பார்த்தால் கடைசிவரை அவருக்கு உள்ளூர ஒரு பயம். தான் இப்போது முதலாளி என்பது அவர் உடம்புக்குத் தெரியவில்லை.

குறையும் உண்டு. பிற்பாதியில் அதிர்ஷ்டம் வரிசையாக வந்து கதவைத் தட்டுகிறது. கடன் கொடுத்தவர் யாரும் நெருக்குவதில்லை, போட்டது எதுவும் நஷ்டமாவதில்லை. கறாரான வாசகர் 'இது நீதிக்கதை' என்று ஒதுக்கலாம். ஆனாலும் முதலில் இதைச் சொல்வதற்குக் காரணம், விபூதிபூஷணின் கைவேலை முழுவதும் இதில் கதையின் இழுப்போடு சேர்ந்து கிடைக்கிறது. வறுமையை இவர் விலைவாசியாலும் சாப்பாட்டாலும் அளப்பார். கெட்டவரையும் ஒரு பக்கம் கூடுதலாகப் பார்ப்பார். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனை எழுதப் பயப்பட மாட்டார். மற்ற நாவல்களில் இழுப்பு இருக்காது, இவை மட்டும் இருக்கும். ஓட்டலில் இவருக்குக் கண் பழகியவர் பதேர் பாஞ்சாலியில் தடுக்கி விழுவது குறைவு.

வனவாசி: கதை வேண்டாம் என்பவர்களுக்கு

'ஆரண்யக்' தமிழில் த. நா. சேனாபதியின் மொழிபெயர்ப்பில் 'வனவாசி'. வங்கத் தலைப்பு ஆரண்யகங்கள் என்ற பழைய நூல் வகையை நினைவூட்டும். தமிழ்த் தலைப்பைப் பார்த்தால் காட்டில் வாழ்பவனின் கதை என்று தோன்றும். கதைசொல்லி சத்யசரண் காட்டில் வாழ்பவன் அல்லவே என்பதுதான் சிக்கல். கல்கத்தா மெஸ்ஸில் பாக்கி கொடுக்க வழியில்லாமல் இருந்த படித்த இளைஞன், நண்பன் தயவில் ஜமீன் மேலாளர் வேலைக்கு வருகிறான். அவனுக்கு இட்ட வேலை, பல்லாயிரம் பிகா காட்டைக் குடியானவர்களுக்குப் பங்குபோட்டுக் குத்தகைக்கு விடுவது. காட்டின் மேல் காதல் வளர வளரக் காட்டை அழிக்கும் வேலையும் ஒழுங்காக நடக்கிறது. இரண்டையும் செய்வது ஒரே கை. கடைசியில் வனத்தின் ஆதித் தெய்வங்களிடம் அவன் மன்னிப்புக் கேட்கிறான். தொடக்கத்திலேயே இந்த முடிச்சைப் பிடித்துக்கொள்ளாவிட்டால், அழகழகான நிலா வர்ணனைகளின் தொகுப்பாக நாவல் சுருங்கிவிடும். பலர் அப்படித்தான் வாசித்துவிட்டு 'கவித்துவம்' என்று எழுதுகிறார்கள். இது ஒரு குற்ற ஒப்புதல்.

இங்கே தடுக்கும் இடம் பெயர்கள். லப்டுலியா, புல்கியா, நாடா பைஹார், மோகன்புரா, சரஸ்வதி குண்டம் என்று இடங்கள். வந்து வந்து மறையும் மனிதர்கள். எல்லாரையும் நினைவில் வைக்க முயன்றால் நூறாம் பக்கத்தில் களைத்துப்போவீர்கள். நான்கு பேர் போதும். யாருக்கும் சொந்தமில்லாத காட்டில் எங்கெங்கிருந்தோ பூச்செடி கொண்டுவந்து நடும் யுகலப்பிரசாத். நிலம் கிடைத்தும் அதைத் திருத்தாமல் பூஜையும் படிப்புமாக இருக்கும் ராஜு பாண்டே. எச்சில் சோற்றுக்காக இருட்டில் கிணற்றடியில் காத்து நிற்கும் குந்தா. சந்தால் அரசகுலப் பெண் பானுமதி. மற்றவர்கள் வந்தால் வரட்டும், போனால் போகட்டும். நாட்டியச் சிறுவன் தாதுரியா மட்டும் போன பிறகும் போக மாட்டான்.

ஒரு காட்சியைக் கிட்டத்தில் பார்க்கலாம். கச்சேரியில் விருந்து என்று கேள்விப்பட்டு, கொட்டும் மழையில் வெகு தூரத்திலிருந்து ஏழைகள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இலையில் விழுவது சீனாப் புல்லின் தானியம், புளித்த தயிர், கொஞ்சம் வெல்லம். சோறுகூட இல்லை. அந்தப் பக்கத்தில் அரிசிச் சோறு என்பது ஆண்டில் சில நாள் வாய்க்கும் பண்டம். அவர்கள் சாப்பிடுவதைப் பார்க்கும் சத்யசரண், கல்கத்தாவில் தான் பட்ட வறுமை வறுமையே இல்லை என்று உணர்கிறான். நாவல் அதை உரக்கச் சொல்வதில்லை. தயிரின் புளிப்பைச் சொல்கிறது.

இன்னொரு இடம், பானுமதியோடு பேச்சு. பாரதவர்ஷம் என்ற பெயரைக் கேட்டிருக்கிறாயா என்று கேட்கிறான். கேட்டதில்லை என்று தலையசைக்கிறாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, 'பாரதவர்ஷம் எந்தப் பக்கம் இருக்கிறது?' என்று திருப்பிக் கேட்கிறாள். நாடு விடுதலைக்குப் போராடிக்கொண்டிருந்த காலத்தில் எழுதப்பட்ட கேள்வி இது. இன்றும் அதற்குத் திசை காட்டுவது எளிதல்ல.

ஒரு மறுப்பையும் சொல்ல வேண்டும். பழங்குடியினரைப் பார்க்கும் சத்யசரணின் கண் ஜமீன் ஊழியனின் கண். பானுமதியின் குலத்து முதியவரான ராஜா தோப்ரு பன்னாவை அவன் 'வீழ்ந்த அரசனாக' மட்டுமே பார்க்கிறான். பானுமதியை மணந்து இங்கேயே தங்கிவிடலாமா என்று நினைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறான். இந்தப் பார்வை எரிச்சல் தரலாம். தந்தால் நீங்கள் சரியாகப் படிக்கிறீர்கள்.

இதைத் தினம் 15 பக்கத்துக்கு மேல் படிக்காதீர்கள். அத்தியாயங்களுக்குள் எண்ணிட்ட சிறு பகுதிகள் உண்டு, அங்கங்கே நிறுத்தலாம். ரயில் பயணத்துக்கு ஏற்ற நூல் அல்ல. அதற்கு ஓட்டல் இருக்கிறது.

பதேர் பாஞ்சாலி: வாங்கும் முன் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள்

1928இல் 'விசித்ரா' இதழில் தொடராகத் தொடங்கி, 1929இல் நூலானது. தமிழில் மொழிபெயர்த்தவர் 'நாகம்மாள்' எழுதிய ஆர். சண்முகசுந்தரம். கொங்குக் கிராமத்தை எழுதிய கை வங்கக் கிராமத்தைத் தொட்டது நல்ல பொருத்தம்.

நாவலுக்கு மூன்று பாகங்கள், 35 அத்தியாயங்கள். முதல் பாகம் இந்திர் டாக்ருணின் கதை. இரண்டாவது, நீளமானது, தம்பி அபுவும் அக்கா துர்காவும் வளரும் நிஷ்சிந்திபுரம் கிராமம். மூன்றாவது, ஊரை விட்டுக் காசிக்குப் போன பிறகு நடப்பது: ஹரிஹரின் மரணம், பணக்கார வீட்டில் தாய் சர்வஜயா சமையல்காரியாவது, அபு ஊருக்கு ஏங்குவது. இந்த மூன்றாம் பாகம்தான் பதிப்புக்குப் பதிப்பு காணாமல் போகிறது. 1968இல் வந்த, பரவலாகப் படிக்கப்படும் கிளார்க்–முகர்ஜி ஆங்கில மொழிபெயர்ப்பு, குடும்பம் ஊரை விட்டு ரயிலேறுவதோடு நிறுத்திக்கொள்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் தெரிந்தே எடுத்த முடிவு அது. படமும் ஏறக்குறைய அங்கேதான் முடிகிறது. 'ஆம் ஆந்திர் பேம்பு' என்று குழந்தைகளுக்கான சுருக்கப் பதிப்பும் உண்டு. அதற்குப் படம் வரைந்த விளம்பர ஓவியர்தான் பின்னால் இதைத் திரைப்படமாக்கிய சத்யஜித் ராய்.

ஆகவே எந்த மொழியில் வாங்கினாலும் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். வழியின் தெய்வம் அபுவிடம் பேசுகிறதா? முழு நூல். மாட்டு வண்டியிலோ ரயிலிலோ முடிகிறதா? குறைநூல். தலைப்பில் 'பதேர்' என்றால் வழியின். அந்த வழி எதற்காக என்பதைச் சொல்லும் பக்கம் இல்லாத புத்தகத்துக்கு அந்தத் தலைப்பு ஏன்?

படம் பார்த்தவர்களுக்கு மூன்று திருத்தங்கள் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. நாவலில் துர்கா ரயிலைப் பார்ப்பதே இல்லை. அக்காவும் தம்பியும் தேடிப் போகிறார்கள், எட்டவில்லை, திரும்பிவிடுகிறார்கள். காய்ச்சலில் கிடக்கும்போது, குணமானதும் ஒரு நாள் ரயில் காட்டுவாயா என்று தம்பியிடம் கேட்கிறாள், அவ்வளவுதான். ராயின் படத்தில் நாணல் காட்டைத் தாண்டி ஓடும் ரயில் பேரழகு. நாவலில் அது வராததே வலி. இரண்டையும் ஒப்பிட்டு எது மேல் என்று கேட்பதில் பயனில்லை, ஆனால் நாவலைப் படிக்கும்போது அந்த ரயிலுக்காகக் காத்திருக்காதீர்கள்.

இரண்டாவது, இந்திர் டாக்ருண் பாட்டி அல்ல. ஹரிஹருக்குத் தூரத்து உறவில் அக்கா. ஆகவே துர்காவுக்கு அத்தை. நாவலில் முதல் பாகத்தோடு, அபு கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிடுகிறாள். படத்தில் போல அபு சிறுவனாக வளர்ந்த பிறகும் கூட வருவாள் என்று எதிர்பார்த்தவர்கள்தான் முதலில் புத்தகத்தை மூடுகிறார்கள். மூன்றாவது, திருட்டுப் பொருள். படத்தில் கழுத்து மணி, குளத்தில் விழுந்து பாசி மூடிக்கொள்கிறது. நாவலில் அது தங்கக் குங்குமச் சிமிழ். அக்கா இறந்த பிறகு பானைக்குள் அதைக் கண்டெடுக்கும் அபு, மூங்கில் புதருக்குள் வீசி எறிகிறான். மூடிக்கொள்ளப் பாசி இல்லை. மூங்கில் சருகுக்குள் எங்கோ கிடக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

'அபராஜிதோ' 1932. அபுவின் பள்ளி, கல்கத்தாக் கல்லூரி, எதிர்பாராத திருமணம், மனைவி அபர்ணாவின் மரணம், மகன் காஜல். நடுப்பகுதி தொய்வு, தற்செயல் சந்திப்புகள் அளவுக்கு மீறி நடக்கின்றன. இதை மட்டும் தனியாக எடுக்க வேண்டாம். ஆனால் பதேர் பாஞ்சாலியை முடித்தவர் இதைத் தவிர்க்கவும் கூடாது. தாய் இறந்த செய்தி வந்ததும் அபுவுக்கு முதலில் தோன்றுவது துக்கம் இல்லை, கட்டவிழ்ந்த ஒரு நிம்மதி. மறு கணமே அவன் தன்னைக் கண்டு மிரள்கிறான். இந்திய நாவலில் தாயைப் பற்றி இப்படி எழுதத் துணிந்தவர் குறைவு. முடிவில் அபு கடல் கடந்து போகிறான், காஜலை நிஷ்சிந்திபுரத்தில் விட்டுவிட்டு. இருபத்துநான்கு ஆண்டுக்குப் பிறகு அபு ஊர் திரும்பிவிட்டான் என்று நாவல் சொல்வது அந்தப் பையனைப் பார்த்து.

பிள்ளைகளுக்கு

'சாந்தேர் பாஹாட்', நிலாமலை, 1937. 1909ஆம் ஆண்டு, வங்கக் கிராமத்துப் பையன் சங்கர் உகாண்டா ரயில்வேயில் வேலைக்குப் போகிறான். சிங்கம், கருப்பு மாம்பா, போர்ச்சுக்கீசிய நாடோடி தியேகோ அல்வாரெஸ், வைரம், எரிமலை, காலஹாரிப் பாலைவனம். பதினொன்றிலிருந்து பதினைந்து வயதுக்கு அச்சாகப் பொருந்தும். விபூதிபூஷண் ஆப்பிரிக்காவில் கால் வைத்ததே இல்லை. பயண நூல்களையும் வரைபடங்களையும் வைத்துக்கொண்டு எழுதினார். அதனால் பிசகுகள் உண்டு. அவர் அடர்ந்த மழைக்காடாக வர்ணிக்கும் ரிக்டர்ஸ்வெல்ட் உண்மையில் தென்னாப்பிரிக்காவின் வறண்ட மலைப்பகுதி. குகையில் வாழும் புனிப் என்ற பூதம் ஆஸ்திரேலியப் பழங்குடிக் கதைகளுக்குச் சொந்தமானது. பிள்ளையோடு சேர்ந்து வரைபடத்தை விரித்து இந்தப் பிசகுகளைக் கண்டுபிடிப்பதே நல்ல விளையாட்டு. ஆப்பிரிக்க மக்கள் பின்னணியில் மட்டும் நிற்பதையும் அப்படியே பேசிவிடலாம். பெரியவர்கள் இதில் விபூதிபூஷணைத் தொடங்கினால் அவரைச் சாகசக்காரர் என்று தவறாக எடைபோடுவார்கள்.

மற்ற இரண்டு பெரிய பெயர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 'இச்சாமதி' நீலச் (அவுரிச்) சாகுபடி நடத்திய வெள்ளைக்காரத் துரைகளின் காலத்துக் கதை. மூன்று சகோதரிகளை ஒருசேர மணக்கும் பவானி, நீலக் கிடங்கின் திவான், துரை, வியாபாரத்தில் ஏறிவரும் நாலு பால் என்று ஊரே அதில் இருக்கிறது. அவர் இறந்த பிறகு இதற்கு ரவீந்திர விருது கிடைத்தது. அந்தத் துரைகளை எதிர்த்துக் குடியானவர்கள் எழுந்த நீலக் கலகத்தின் பின்னணி தெரியாமல் எடுத்தால் பாதி நழுவும். 'அசனி சங்கேத்' 1943 பஞ்சத்தைப் பற்றியது, சிறியது, நூலாக வந்தது 1959இல். ராயின் படம் 1973இல் பெர்லினில் தங்கக் கரடி பெற்றதால் பலர் இதைத் தேடுகிறார்கள். போர் எங்கோ நடக்கிறது, ஊரில் நெல் விளைந்து நிற்கிறது, அரிசி மட்டும் மெதுவாகக் காணாமல் போகிறது. கடைசியில் சாகும் மோதியின் உடலை யார் எடுப்பது என்பது வரை. வலுவான நூல்தான். ஆனால் விபூதிபூஷணின் உலகம் நல்ல நாளில் எப்படி இருக்கும் என்று தெரிந்த பிறகு படித்தால் அடி இன்னும் பலமாக விழும்.

படிக்கும்போது இடறும் ஒன்று, மாதப் பெயர்கள். வங்காளிகளின் வைசாகம் ஏப்ரல் நடுவில் தொடங்குகிறது. நம் வைகாசி அல்ல, சித்திரை. அவர்களுடைய சைத்ரம் நம் பங்குனி, ஆஷாடம் நம் ஆனி, பௌஷம் நம் மார்கழி. பெயர் ஒத்திருப்பதை நம்பினால் ஒரு மாதம் தள்ளிப்போகும். மாம்பிஞ்சு உதிர்வது, கோடைப் புயல், மழை என்று பருவத்தை வைத்தே கதை நகர்த்தும் ஆளிடம் ஒரு மாதம் பெரிய பிழை. மொழிபெயர்ப்பில் 'வைசாகம்' என்றிருந்தால் சித்திரை என்று மாற்றிப் படியுங்கள். 'வைகாசி' என்றே அச்சாகியிருந்தால் மாம்பழத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நில அளவு, எடை இவற்றையும் அடிக்கடி சந்திப்பீர்கள்: மூன்று பிகா சுமார் ஒரு ஏக்கர், மணங்கு சுமார் 37 கிலோ.

வங்கம் தெரிந்தவர்களுக்குச் செலவே இல்லை. அவர் இறந்து 60 ஆண்டு முடிந்ததால் 2011 முதல் இந்தியாவில் அவருடைய மூலநூல்கள் பொதுவுடைமை. மொழிபெயர்ப்புகளுக்கு இது பொருந்தாது. அவற்றின் உரிமை மொழிபெயர்த்தவர் கணக்கு.

இத்தனைக்குப் பிறகும் ஓட்டலா வனவாசியா என்று தயங்கினால், நாவலுக்கு முன்னால் ஒரு சிறுகதை: 'புயீமாச்சா'. கொடிப்பசலைப் பந்தல் என்று பொருள். ஏழை பிராமணர் வீட்டு மூத்த பெண் க்ஷேந்தி, யாரோ வேண்டாமென்று பிடுங்கிப்போட்ட முற்றிய பசலைத் தண்டை ஆசையோடு வீட்டுக்குத் தூக்கி வருகிறாள். தாய் திட்டித் தூக்கி எறியச் சொல்கிறாள். பிறகு மனசு கேட்காமல் தானே பொறுக்கி எடுத்துச் சமைக்கிறாள். க்ஷேந்திக்கு நாற்பது தாண்டிய மாப்பிள்ளை அமைகிறான். வரதட்சணையில் பாக்கி. அம்மை கண்டு இறந்துபோகிறாள். கடைசிக் காட்சி பௌஷ சங்கராந்தி இரவு, அதாவது நம் பொங்கலை ஒட்டி. தாயும் இரண்டு தங்கைகளும் பலகாரம் சுடுகிறார்கள். அக்காவுக்கு இது எவ்வளவு பிடிக்கும் என்று ஒருத்தி வாய்தவறிச் சொல்லிவிடுகிறாள். மூவரும் பேசாமல் முற்றத்து மூலையைப் பார்க்கிறார்கள். க்ஷேந்தி நட்ட பசலை பந்தலை மூடி, கொழுத்து, வெளியே தொங்கிக்கொண்டிருக்கிறது.

படித்து முடித்ததும் அந்த மாப்பிள்ளை வீட்டார் மேல் கோபம் வந்து, அந்தப் பிள்ளைக்கு ஒரு நல்லது நடந்திருக்கக் கூடாதா என்று தோன்றினால் ஓட்டலை எடுங்கள். கோபம் வராமல் பந்தலையே பார்த்துக்கொண்டிருந்தால் வனவாசி.